வழிப்போக்கன் பெற்ற வழித்துணை

ஓவியன் தீட்டிய சித்திரம் அவன் மறைந்த பின்னரும் சுவரிலே தொங்குகின்றது; கண்ணுடையோர் காணலாம். சிற்பி செதுக்கிய சிலையும் அவ்வாறே நிற்கின்றது. புலவன் இயற்றிய நூலை எழுத்தறிந்த எவரும் விரித்துப் படிக்கலாம். இசையின் நிலை வேறு. தாளில் எழுதப்பட்ட குறிகள் இசையாகிவிடா. அவற்றை ஒருவர் எடுத்து வாசிக்குந்தோறுமே இசை பிறக்கின்றது. வாசிப்பார் இல்லையாயின், எத்துணைச் சிறந்த படைப்பாயினும் அது பெட்டியிலுள்ள தாளாகவே உறங்கிக் கிடக்கும்.

மேனாட்டு இசையில் இவ்வாறு உறங்கிய படைப்புகள் பல. அவற்றை எழுப்புதற்குப் பிற்கால இசைவாணர் கையாண்ட வழிகளுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. பியானோ என்னும் ஒரு கருவிக்கென எழுதப்பட்டு, வாசிப்பாரின்றிக் கிடந்த ஒரு படைப்பை எடுத்து, அதனைப் பியானோவும் பல்லியக் குழுவும் சேர்ந்து இசைக்குமாறு மாற்றி அமைத்தலே அவ்வழி. அஃது எளிய வேலையன்று. அதிலே நுண்ணிய தொழிலறிவு வேண்டும். அதனினும் மேலாக, பிறருடைய பொருளைக் கையாளுகின்றோம் என்னும் அச்சமும் வேண்டும். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குவது, பிரான்ஸ் ஷூபேர்ட் 1822ஆம் ஆண்டில் இயற்றிய ஒரு பியானோப் படைப்பையும், அதனைப் பிரான்ஸ் லிஸ்ட் 1851ஆம் ஆண்டளவில் மாற்றி அமைத்ததையும் பற்றிய வரலாறு.

பியானோவும் பல்லியமும்

வரலாற்றுக்குச் செல்லுமுன், இரு கருவிநிலைகளின் இயல்பை அறிந்துகொள்ளுதல் நன்று. பியானோ என்பது தந்திக் கருவியே. வெளியே கட்டைகள், உள்ளே இழுத்துக் கட்டிய தந்திகள். விரல் கட்டையை அழுத்தியதும், கம்பளி பொதிந்த சிறு சுத்தியல் ஒன்று தந்தியை அடித்துவிட்டுப் பின்வாங்குகின்றது. அடித்த கணத்திலே நாதம் முழு வலிமையோடு எழுகின்றது. எழுந்த கணம் முதலே தேயவும் தொடங்குகின்றது. வீணைத் தந்தியை மீட்டியபின் ஒலி மெல்ல மெல்ல மறைவதை அறிந்தவர்க்கு இவ்வியல்பு புதிதன்று. வீணை வாசிப்போர் தந்தியை இழுத்து அந்த நாதத்தை வளைக்கலாம். பியானோக் கலைஞர்க்கு அவ்வசதியும் இல்லை. சுத்தியல் அடித்தபின் அந்தச் சுரத்தை வளைக்கவோ வளர்க்கவோ அவரால் இயலாது. ஆயினும் பத்து விரல்களும் ஒருங்கே இயங்கக்கூடியவை. ஆகையால் ஒரே ஆள் பாட்டையும், அதற்குத் துணையான சுரக்கூட்டத்தையும், அடிநாதத்தையும் ஒருசேர ஒலிக்கச் செய்யலாம். இதுவே அக்கருவியின் பெருமை.

ஓர்க்கெஸ்ட்ரா எனப்படும் பல்லியமோ பலர் கூடிய சபை. வயலின் முதலிய வில்லிசைக் கருவிகள் ஒரு பகுதி. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் என்னும் மரக்குழற் கருவிகள் ஒரு பகுதி. ஹார்ன், டிரம்பெட், டிரொம்போன் என்னும் பித்தளைக் கருவிகள் ஒரு பகுதி. இவற்றுடன் டிம்பனி என்னும் முரசு. வில் ஓடுமளவும் வயலின் நாதம் நிற்கும். மூச்சு உள்ளளவும் குழலோசை நிற்கும். மெல்லத் தொடங்கிய ஒரு சுரத்தை முழக்கமாக வளர்த்தலும் கூடும். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் குரல்வண்ணமும் உண்டு. பியானோவுக்கு இல்லாதவை பல்லியத்துக்கு உண்டு. ஆனால் ஒரு மனத்தின் விருப்பப்படி ஒரு நொடி தயங்கவும், ஒரு நொடி விரையவும் தனிக் கலைஞரால் முடிவதுபோல, ஐம்பது பேர் கூடிய சபையால் எளிதில் முடியாது.

இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தி உரையாட விடும் இசைவடிவமே கொன்சேர்ட்டோ. மோட்சார்ட்டும் பேத்தோவனும் பியானோக் கொன்சேர்ட்டோக்களைச் சிறப்புற எழுதினார்கள். ஷூபேர்ட்டோ ஒன்றுமே எழுதவில்லை. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்லுதல் வேண்டும்.

பிசாசுக்கு விடப்பட்ட படைப்பு

ஷூபேர்ட் 1797ஆம் ஆண்டில் வியன்னாவில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். தாமும் சில ஆண்டுகள் தந்தையின் பள்ளியில் உதவி ஆசிரியராய் இருந்தார். அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்தார். 1828ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தமது 31ஆம் வயதிலே இறந்தார். தம் படைப்புகளை மட்டுமே கொண்ட பொதுக் கச்சேரி ஒன்றை அவர் தம் வாழ்நாளில் ஒரே முறைதான் நடத்தினார். அதுவும் அவர் இறந்த அதே ஆண்டில்.

1822ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இன்று ‘முற்றுப்பெறாத சிம்பொனி’ என வழங்கும் படைப்பை இடையிலே நிறுத்திவிட்டு, அவர் பியானோவுக்கென ஒரு நெடிய படைப்பை எழுதினார். அதற்கு ‘பாண்டசி’ என்று பெயரிட்டார். விதித்த வடிவத்துக்கு அடங்காது கற்பனை சென்ற வழியே செல்வது என்பது அச்சொல்லின் கருத்து. 1816ஆம் ஆண்டில் அவரே இசையமைத்த ‘வழிப்போக்கன்’ என்னும் பாடலின் ஒரு பகுதி இப்படைப்பின் நடுவே வருகின்றது. எவ்வூரிலும் தனக்கென ஓரிடமின்றி, எங்கும் அயலானாகவே உலவும் ஒருவனின் துயரம் அப்பாடலின் பொருள். அதனால் பிற்காலத்தார் இப்படைப்பை ‘வழிப்போக்கன் பாண்டசி’ என வழங்கலாயினர். ஷூபேர்ட் அப்பெயரைச் சூட்டவில்லை.

வாசித்து முடிக்க 20 நிமிடங்களுக்குச் சற்று மேலாகும் இப்படைப்பில் நான்கு பகுதிகள் உண்டு. முதற்பகுதி வீறுடன் கூடிய விரைவு நடை. இரண்டாவது, அப்பாடலின் மெட்டும் அதன் வேறுபாடுகளும் கொண்ட தாழ்ந்த நடை. மூன்றாவது, துள்ளி ஓடும் மும்மை நடை. நான்காவது, ஒரு குரலின் பின் மற்றொரு குரல் அதே மெட்டைத் தொடர்ந்து எடுத்துவரும் ‘பியூக்’ என்னும் முறையில் தொடங்கி, ஆரவாரத்தில் முடிவது. நான்கும் இடையறாது ஒன்றையொன்று தொடர்கின்றன. அதனினும் வியப்பு, நான்கும் ஒரே வித்திலிருந்து முளைத்தவை என்பதாகும். நம் யாப்பிலக்கண மொழியிற் கூறுவதாயின், ஒரு நெடிலும் இரு குறில்களும் சேர்ந்த சந்தமே அவ்வித்து. முதலில் அது போர்முரசுபோல் முழங்குகின்றது, இரண்டாம் பகுதியில் அதுவே சோகநடை ஆகின்றது, மூன்றாவதில் நடனமாகின்றது, இறுதியில் கோட்டைச் சுவர்போல் அடுக்கடுக்காக எழும்புகின்றது.

1823ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இது வியன்னாவில் அச்சேறியது. ஆயினும் இதனை வாசிப்பார் அரியர். காரணங்கள் மூன்று. முதலாவது, இதன் கடுமை. இரு கைகளும் ஓய்வின்றிப் பெரும் சுரக்கூட்டங்களை விரைவாய் அடித்துச் செல்லவேண்டும். நண்பர் கூட்டத்தில் ஷூபேர்ட் தாமே இதனை வாசிக்கப் புகுந்து, இறுதிப் பகுதியில் தடுமாறி, இருக்கையை விட்டுத் துள்ளி எழுந்து, இதைப் பிசாசுதான் வாசிக்கவேண்டும் என்று கூறியதாக நண்பர் ஒருவரின் வாய்மொழி உண்டு. இரண்டாவது, அக்காலத்துக் கருவி. வியன்னாப் பியானோக்கள் மரச்சட்டமும் மெல்லிய தந்திகளும் உடையவை. ஏறத்தாழ ஆறு ஸ்தாயி எல்லையுடையவை. இனிமையாய்ப் பேசவல்ல அக்கருவியிடம் ஷூபேர்ட் இடிமுழக்கத்தைக் கேட்டார். மூன்றாவது, அவரது புகழின் அளவு. பாடலாசிரியர் என்றே ஊரார் அவரை அறிந்திருந்தனர். பெரிய வடிவங்களை ஆளவல்லவர் அவர் என்பதை உலகம் அறிய நெடுங்காலம் சென்றது. அவருடைய பெரிய சீ மேஜர் சிம்பொனியே, அவர் இறந்து பத்தாண்டுகள் கழிந்தபின் ஷூமன் என்பார் கண்டெடுத்து அனுப்ப, 1839ஆம் ஆண்டில் லைப்ஸிக் நகரில் மெண்டல்சோனின் தலைமையில் முதன்முறை ஒலித்தது. பாண்டசியோ அச்சிலே இருந்தும் அரங்கிலே இல்லாதிருந்தது.

லிஸ்ட் எடுத்த பணி

பிரான்ஸ் லிஸ்ட் 1811ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டின் எல்லைக்குட்பட்டிருந்த ரைடிங் என்னும் சிற்றூரிற் பிறந்தார். சிறுவனாய் வியன்னா வந்தபொழுது, முன்னர் ஷூபேர்ட்டுக்குக் கற்பித்த சலியேரி என்பாரிடமே இசையிலக்கணம் பயின்றார். ஐரோப்பா எங்கும் சென்று பியானோ வாசித்து, அக்காலத்தில் அவருக்கு நிகரில்லை என்னும் பெயரைப் பெற்றார். ஷூபேர்ட்டின் பாடல்களுள் ஐம்பதுக்கு மேற்பட்டவற்றைத் தனிப் பியானோவுக்கு மாற்றியமைத்து, ஊர்தோறும் வாசித்து, அவர் பெயரைப் பரப்பினார்.

1847ஆம் ஆண்டில், 36 வயதுகூட நிரம்பாத நிலையில், பணத்துக்காகக் கச்சேரி செய்வதை லிஸ்ட் நிறுத்தினார். அடுத்த ஆண்டிலே ஜெர்மனியின் வைமார் நகரில், அரசவை இசைத் தலைவராய் அமர்ந்தார். அங்கே அவருக்கென ஒரு பல்லியம் கிடைத்தது. அதனை எவ்வாறு ஆளுவது என்பதை அவர் அக்காலத்திலேதான் செவ்வனே பயின்றார். யோவாக்கிம் ராஃப் என்னும் இளம் இசைஞர் 1850ஆம் ஆண்டு முதல் அவருக்கு உதவியாய் இருந்தார். இச்சூழலிலேதான் வழிப்போக்கன் பாண்டசி பல்லியத் துணையைப் பெற்றது. 1851ஆம் ஆண்டின் இறுதியில், ஷூபேர்ட்டின் சொந்த நகரான வியன்னாவிலேயே அது புதிய கோலத்தில் மேடையேறியது.

லிஸ்ட் இதனைத் தேர்ந்தமைக்குத் தக்க காரணம் உண்டு. இப்படைப்பு பியானோவுக்கென எழுதப்பட்டதாயினும், பல்லியத்தை நினைந்து எழுதப்பட்டதுபோல் தோன்றுகின்றது. தொடர்ந்து அடிக்கப்படும் கனத்த சுரக்கூட்டங்கள் பித்தளைக் கருவிகளின் முழக்கத்தை நினைவூட்டுகின்றன. தாழ்ந்த நடைப் பகுதியில் இருசுரங்களை மாறிமாறி விரைந்து அடிக்கும் நடுக்கம், வயலின்கள் வில்லை நடுக்கி எழுப்பும் ஒலியைப் பின்பற்றுவதாகவே உள்ளது. பியானோ தன் எல்லையைத் தாண்டி எதையோ எட்ட முயலுகின்றது. அது எட்ட முயன்றது எதுவோ அதனையே அருகில் கொண்டுவந்து அமர்த்தினார் லிஸ்ட் என்னலாம்.

மாற்றியமைப்பவன் எதிர்ப்படும் சிக்கல்கள்

தனிப் பியானோப் படைப்பைப் பியானோவுக்கும் பல்லியத்துக்கும் பகிர்ந்தளிப்பவனுக்கு முன்னே பல வினாக்கள் எழுகின்றன.

முதல் வினா, பியானோ எப்பொழுது வாய்மூடியிருப்பது என்பது. மூலத்தில் அது ஒரு கணமும் ஓயவில்லை. எல்லாச் சுரங்களையும் பியானோவே தொடர்ந்து வாசிக்க, பல்லியம் அவற்றையே இரட்டித்து ஒலிக்குமாயின், அது கனத்த போர்வை போர்த்தியது போலாகுமேயன்றி உரையாடலாகாது. ஆகவே ஒரு வாக்கியத்தைச் சபைக்கும், அதன் மறுமொழியைத் தனியாளுக்கும் பிரித்துக் கொடுக்கவேண்டும். ஷூபேர்ட்டின் இசையிலே உரத்த வாக்கியத்தை மெல்லிய வாக்கியம் தொடர்வது அடிக்கடி நிகழ்வது. அத்தகைய இடங்கள் இப்பங்கீட்டுக்கு இயல்பாகவே இடந்தருகின்றன.

இரண்டாவது வினா, பியானோவின் மொழியைப் பல்லியத்தின் மொழிக்குப் பெயர்ப்பது எவ்வாறு என்பது. பியானோவில் ஒரு சுரக்கூட்டத்தை உதிர்த்து உதிர்த்து ஓடவிடுவது, தேய்ந்து மறையும் நாதத்தை உயிரோடு வைத்திருக்கும் ஓர் உபாயம். வலக்காலால் அழுத்தும் மிதி, அடித்த சுரங்களை ஒன்றோடொன்று கலந்து நிற்கச் செய்கின்றது. வயலினுக்கும் குழலுக்கும் இவ்வுபாயங்கள் வேண்டா. அவற்றின் நாதம் தானே நிற்கும். அன்றியும் பியானோ விரல்களுக்கு எளிதான ஓட்டம் ஹார்ன் ஊதுவோனுக்கு இயலாததாகலாம். ஆகவே, மாற்றியமைப்பவன் சுரங்களை அப்படியே படியெடுத்தல் ஆகாது. அச்சுரங்கள் எந்த விளைவுக்காக எழுதப்பட்டனவோ, அவ்விளைவை வேறு வழியால் உண்டாக்கவேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் செய்யுள் கெடும் என்பதை மொழிபெயர்ப்பாளர் நன்கறிவர். இங்கும் அதே நியாயம் செல்லும்.

மூன்றாவது, சுருதி பற்றியது. முதற்பகுதியும் இறுதிப் பகுதியும் சீ மேஜரில் அமைந்தவை. டிரம்பெட்டுக்கும் முரசுக்கும் அது பழக்கப்பட்ட வீடு, முழங்குதற்கு ஏற்றது. தாழ்ந்த நடைப் பகுதியோ அதற்கு அரைச்சுரம் மேலே, சீ ஷார்ப் மைனர் என்னும் இருண்ட சுருதிக்குச் சென்றுவிடுகின்றது. முன்னதற்கு இசையக் கட்டிய முரசு இங்கே பொருந்தாது. அதைத் திருத்திக் கட்டவேண்டும். அல்லது அதைப் பேசாதிருக்கச் செய்யவேண்டும். பியானோவின் கட்டைகளுக்கு எல்லாச் சுருதியும் ஒன்றே; சபையிலுள்ள கருவிகளுக்கு அவ்வாறன்று. தனியாள் வாசலைத் தாண்டுவதுபோல் சென்றுவிட்ட இடத்துக்கு, சபை மூட்டைமுடிச்சுகளோடு குடிபெயர வேண்டியுள்ளது.

நான்காவது, எடை பற்றியது. மூன்று டிரொம்போன்கள் முழங்கும்பொழுது பியானோவின் நடுப்பகுதியில் ஓடும் நுண்ணிய ஓட்டம் செவிக்கு எட்டாது. ஆகவே உரத்த இடங்களில் பியானோவின் பங்கை மேல் ஸ்தாயிக்கு ஏற்றியோ, இரு கைகளாலும் ஸ்தாயி இரட்டித்தோ எழுதவேண்டும். இதற்குக் காலமும் துணை செய்தது. பாரிஸ் நகரத்து எராட் தொழிலகத்தார் 1821ஆம் ஆண்டில் உரிமை பெற்ற புதிய பொறியமைப்பு, கட்டை முழுவதும் மேலெழுமுன் அதே சுரத்தை மீண்டும் அடிக்க உதவியது. தந்திகளின் இழுவிசையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களும் நாளடைவில் வந்தன. லிஸ்ட் எழுதியது ஷூபேர்ட் அறிந்த கருவிக்கன்று. ஏழு ஸ்தாயி கொண்ட வலிய கருவிக்கு. ஆகையால் அவர் பல இடங்களில் பியானோவின் பங்கைத் தம் விரல்வன்மைக்கேற்ப விரித்து, புதிய அலங்காரங்களையும் சேர்த்தார்.

ஐந்தாவது, பியூக் என்னும் இறுதிப் பகுதியின் தொடக்கம். ஒரு குரல் மெட்டை எடுக்கின்றது, அது செல்லும்பொழுதே இரண்டாவது குரல் அம்மெட்டோடு நுழைகின்றது, பின்னர் மூன்றாவது, பின்னர் நான்காவது. பியானோவில் நான்கு குரலும் ஒரே வண்ணமுடையவை. ஆதலாற் கேட்போர் செவி அவற்றைப் பிரித்தறிய முயன்று களைக்கும். பல்லியத்தில் ஒன்றைச் செல்லோவுக்கும், ஒன்றை வயலினுக்கும், ஒன்றைக் குழலுக்கும் கொடுக்கலாகும். நால்வர் பேசுவது நால்வர் குரலாகவே கேட்கும். இவ்விடத்தில் பல்லியம் விளக்கேற்றி வைத்ததுபோல் உதவவல்லது.

பெற்றதும் இழந்ததும்

இவ்வாறு பெற்றவை பலவாயினும், இழந்தவையும் உண்டு. இரண்டையும் நேர்மையுடன் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

மூலப் படைப்பின் கடுமையே அதன் பொருளில் ஒரு பாகம். ஒரே மனிதன், பத்தே விரல்களோடு, ஒரு பெருஞ்சபைக்குரிய முழக்கத்தை எழுப்ப முயலுகின்றான். முடியுமா முடியாதா என்னும் பதைப்பு கேட்போர் நெஞ்சிலும் எழுகின்றது. பல்லியம் அச்சுமையைத் தாங்கிக்கொண்டபின் அப்பதைப்புக் குறைந்துவிடுகின்றது. மலையைத் தனியே ஏறுபவனைப் பார்ப்பதும், பலர் தோள்கொடுக்க ஏறுபவனைப் பார்ப்பதும் ஒன்றாகா. உச்சி ஒன்றாயினும் காட்சி வேறு.

தாழ்ந்த நடைப் பகுதியில் இவ்விழப்பு இன்னும் ஆழமானது. அங்கே ஒலிப்பது எங்கும் துணையற்றவனின் பாட்டு. அதனை ஒரு கருவி தன்னந்தனியே மெல்ல ஒலிக்கும்பொழுது, பாட்டின் பொருளும் ஒலியின் தோற்றமும் ஒன்றாகின்றன. சூழப் பலர் அமர்ந்து அவனுக்குத் துணையிசைக்கும்பொழுது, ஒலி அழகு பெறுகின்றது. ஆனால், வழிப்போக்கன் தனியனல்லன் என்னும் எண்ணமும் கூடவே வந்துவிடுகின்றது. துணையற்றவனைப் பாடும் பாட்டுக்குத் துணை சேர்ப்பது தகுமோ என்பது எளிதில் விடைகூற இயலாத வினா. பல்லியத்தை எங்கே சேர்ப்பது என்பதிலும், எங்கே சேர்க்காது விடுவது என்பதிலேயே மாற்றியமைப்பவனின் நெஞ்சம் வெளிப்படுகின்றது.

பிறரும் சென்ற வழி

இப்பணி லிஸ்ட் ஒருவரோடு நின்றதன்று. அவரே, வேபர் என்பார் 1819ஆம் ஆண்டில் எழுதிய ஒரு பொலொனேஸ் நடனப் படைப்பையும் பியானோவுக்கும் பல்லியத்துக்குமாக அமைத்தார். அதற்கு முன்னுரையாக வேபரின் வேறொரு படைப்பின் தொடக்கத்தை எடுத்துப் பொருத்தினார். தம் கைச்சரக்கைச் சேர்ப்பதிலும், மூலவரின் பெட்டியிலிருந்தே ஒன்றை எடுத்துச் சேர்ப்பது மேல் என்று அவர் கருதினார் போலும். பின்னர் லிஸ்ட்டுக்கும் அதே மரியாதை கிடைத்தது. அவருடைய தனிப் பியானோப் படைப்பான ‘ஸ்பானிய ரப்ஸொடி’யை 1894ஆம் ஆண்டில் புசோனி என்னும் இத்தாலிய இசைவாணர் பியானோவுக்கும் பல்லியத்துக்குமென மாற்றினார்.

பியானோவை விலக்கிப் பல்லியத்துக்கு மட்டும் மாற்றியமைத்த செயலுக்கு உலகறிந்த சான்று முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சிச் சித்திரங்கள்’. ருசிய நாட்டவரான அவர் 1874ஆம் ஆண்டில் இதனைத் தனிப் பியானோவுக்கு எழுதினார். 1881இல் அவர் இறக்கும்வரை அது அச்சேறவில்லை. 1886இல் அச்சேறிய பின்னரும் வாசிப்பார் அரிதாகவே இருந்தனர். 1922ஆம் ஆண்டில் பிரெஞ்சு இசைவாணர் ரவேல் அதனைப் பல்லியத்துக்கு மாற்றியமைத்தார். உலகெங்கும் அதன் புகழ் பரந்தது. அப்புகழின் ஒளியிலேதான் பியானோக் கலைஞரும் மூலத்தைத் தேடி எடுத்து வாசிக்கலாயினர்.

தகுமா என்னும் வினா

மூலவன் எழுதியதைத் தொடுதல் குற்றம் என்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அவர்தம் கூற்றிலே நியாயம் உண்டு. பல்லியத்துக்கு எழுத அறியாதவரல்லர் ஷூபேர்ட். அவர் விரும்பியிருந்தால் தாமே பல்லியத்துக்கு எழுதியிருப்பார். எழுதாது விட்டதும் அவருடைய தீர்மானமேயாம்.

மறுபுறத்தாரும் தக்க விடை கூறுவர். புசோனி 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, மனத்தில் எழுந்த இசையைக் குறிகளால் எழுதுவதே ஒரு மாற்றியமைப்பு என வாதிட்டார். எழுதியதை வாசிப்பவனும் தன் கைவண்ணத்தால் அதனை மறுபடி மாற்றுகின்றான். ஆகவே மாற்றம் என்பது இசையின் பிறப்போடு வந்தது. அளவிலே மட்டும் வேற்றுமை என்பது அவர் கருத்து.

இவ்விரு கூற்றுக்கும் நடுவே, நடைமுறையால் விளங்கும் சில வரம்புகள் உண்டு. மூலம் அழியாதிருத்தல் வேண்டும். மாற்றியவன் தன் பெயரை மூலவன் பெயருக்கு மேலே வைத்தல் ஆகாது. எது மூலம், எது மாற்றம் என்பதைக் கேட்போரும் கற்போரும் அறியக் கூடியதாய் இருத்தல் வேண்டும். லிஸ்ட் இவ்வரம்புகளை மதித்தார். அவர் இட்ட தலைப்பு, ஷூபேர்ட்டின் பெரிய பாண்டசி என்றே தொடங்கி, சிம்பொனி முறையில் அமைக்கப்பட்டது என்னும் விளக்கத்தோடு முடிகின்றது. பின்னர் ஷூபேர்ட்டின் தனிப் பியானோ மூலத்தையே பதிப்பிக்கும் பணியையும் அவர் ஏற்றார். அப்பதிப்பிலே மூலத்தை உள்ளவாறே வைத்து, தாம் விரும்பிய வேறுபாடுகளைத் தனியே காட்டினார். விரும்பியவர் இதைக் கொள்ளலாம். விரும்பாதவர் அதைக் கொள்ளலாம்.

இப்பணி லிஸ்ட்டுக்கும் வீண்போகவில்லை. ஒரே வித்திலிருந்து நான்கு பகுதிகளையும் வளர்த்து, இடையறாது கோத்துச் செல்லும் முறையை அவர் இப்படைப்பினுள்ளே புகுந்து கற்றார். 1853ஆம் ஆண்டில் அவர் முடித்த பீ மைனர் சொனாட்டாவிலும், 1855ஆம் ஆண்டில் வைமாரில் அவரே வாசித்து அரங்கேற்றிய முதலாவது பியானோக் கொன்சேர்ட்டோவிலும் அக்கல்வியின் பயனைக் காணலாம். பிறர் வயலுக்கு நீர் பாய்ச்சியவனுக்குத் தன் வயலும் விளைந்தது.

இன்றைய நிலை என்ன? ஷூபேர்ட்டின் மூலப் படைப்பு இன்று உலகின் பெரும் பியானோக் கலைஞர் யாவரும் அறிந்து மதிப்பது; இசைத்தட்டுகளிலும் அரங்குகளிலும் அடிக்கடி ஒலிப்பது. ஒருகாலத்தில் ஆசிரியரே பிசாசுக்கு விட்டதை இன்று தேர்ந்த மாணவரும் பயிலுகின்றனர். லிஸ்ட்டின் மாற்றமைப்போ இன்று அரிதாகவே மேடையேறுகின்றது. துணையாய் வந்தது ஒதுங்கிக்கொள்ள, துணை பெற்றது தனியே நடக்கின்றது.

இதனை லிஸ்ட்டின் தோல்வி எனக் கொள்ளுதல் பொருந்தாது. நடக்கத் தயங்கிய குழந்தைக்குக் கைகொடுத்தவர், அது ஓடத் தொடங்கியபின் தம் கையை அது தேடவில்லையே என்று வருந்துவதில்லை. மறக்கப்பட்ட ஒரு படைப்பை மாற்றியமைப்பவனின் பணியும் அத்தகையது. மூலத்தை மக்கள் தேடிச் செல்லுமாறு செய்துவிடின் அவன் வந்த காரியம் முடிந்தது. ஆயினும், பெயரளவிலே துணையாயிருந்த அவ்வமைப்பு எங்கேனும் ஒலிக்குமாயின், அதனையும் ஒருமுறை செவிமடுத்தல் நன்று. ஒரு பேரறிஞன் மற்றொரு பேரறிஞனை எவ்வாறு படித்தான் என்பதை அவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்று வேறு எளிதிற் கிடைப்பதில்லை.